தானே முளைத்த செடிக்குப் பெயர் காணுதல்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், சந்தையின் பூக்கடை வரிசைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு குறுந்தெருவில் நான் குடியிருக்கும் ஓட்டுவீட்டின் பின்புறம் சிறு தோட்டம் ஒன்று உண்டு. பணிமாற்றம் பெற்று இங்கு வந்த ஆண்டில் அதில் இருந்தவை நான்கு வாழை, ஒரு கறிவேப்பிலை, வரிசையாகச் செம்பருத்தி, ஒரு துளசி மாடம். இவையன்றி, மதிலை ஒட்டி, யாரும் நடாத செடியொன்று இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்தது. வீட்டின் உரிமையாளரான அம்மையாருக்கு அதைப் பற்றி ஏதும் தெரியவில்லை. பால் கொண்டுவருபவர் நாவல் என்றார். மாதம் ஒருமுறை தோட்டத்தைத் துப்புரவு செய்ய வரும் பெரியவர், “காட்டுச்செடி சார், விட்டுவைத்தால் மதிலைப் பிளந்துவிடும், வெட்டிவிடுகிறேன்” என்று அரிவாளை எடுத்தார். கைப்பேசிச் செயலி ஒன்று, முதல் நாள் எடுத்த படத்துக்கு ஒரு பெயரும், மறுநாள் அதே செடியின் படத்துக்கு வேறொரு பெயரும் கூறியது. ஒரு வாரம் பொறுக்குமாறு பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாக நீண்டது.

வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்தவனுக்குத் தாவரவியலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆயினும் அடையாளம் காண்பது எங்கள் அன்றாடப் பணி. ஒருவர் கணக்குத் தொடங்க வரும்போது அவர் கூறும் பெயரை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. முகவரிக்கு ஒரு சான்று, அடையாளத்துக்கு ஒரு சான்று, கையொப்பத்தின் மாதிரி என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல சான்றுகள் ஒரே மனிதரைக் காட்டுகின்றனவா என்று பார்க்கிறோம். செடிக்கும் இதே முறைதான். இலையின் வடிவம் ஒன்றை மட்டும் கண்டு பெயர் சூட்டுவோர் பெரும்பாலும் தவறுகின்றனர். பெயர் தவறினால், காக்க வேண்டியதை வெட்டுவோம். வெட்ட வேண்டியதைக் காப்போம். சில வேளைகளில் உண்ணத் தகாததை உண்ணவும் நேரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை விதைத்தவர் யார் என்பது. செடி முளைத்திருக்கும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். எருக்கும் வெட்டுக்காயப்பூண்டும் காற்றில் மிதந்து வருபவை. அவற்றின் விதைகளுக்குப் பஞ்சு போன்ற இழைகள் உண்டு. எனவே அவை திறந்த வெளியில் எங்கும் தோன்றும். சமையலறைக் கழிவு கொட்டிய இடத்தில் தக்காளி, பூசணி, பப்பாளி முளைக்கும். மதில் வெடிப்பிலும் மாடி நீர்க்குழாயின் ஓரத்திலும் அரசும் ஆலும் முளைப்பது பறவையின் எச்சத்தால். கட்டுமானத்துக்கென வெளியிலிருந்து வந்த மண்ணோடு வருபவை வேறு வகை. அவற்றுள் முதன்மையானது பார்த்தீனியம்.

பார்த்தீனியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்களை 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு, சில பத்தாண்டுகளுக்குள் நாடெங்கும் பரவியது. கர்நாடகத்தில் இதனைக் ‘காங்கிரஸ் செடி’ என்பர். இளம் பருவத்தில் தரையோடு வட்டமாகப் படர்ந்த, கேரட் இலை போல ஆழமாகப் பிளவுபட்ட இலைகள். பின்னர் நிமிர்ந்து வளர்ந்து, சிறு வெண்மணிகள் போன்ற பூக்கள். தோலில் பட்டால் பலருக்குத் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும். மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட, இதன் இலையைத் தின்னும் ஒரு வகை வண்டு 1984-இல் பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அவ்வண்டுகளை இச்செடியின் மேல் இன்றும் காணலாம். வீட்டுத் தோட்டத்தில் இதனைக் கண்டால், பூக்கும் முன்பே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இதற்கு இரண்டரை ஆண்டு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்துச் செடி இவற்றுள் எதுவுமன்று. அது முளைத்திருந்த இடம் மதிலின் அடி. மதிலுக்கு அப்பால் அண்டை வீட்டின் புங்கமரக் கிளை ஒன்று இப்புறமாக நீண்டிருந்தது. காலையில் அக்கிளையில் கொண்டைக்குருவிகளும், வேனிற்காலத்தில் குயிலும் வந்து அமர்வதுண்டு. பழம் தின்று கொட்டையை உதிர்க்கும் பறவை எங்கே அமர்கிறதோ, அதன் நேர் கீழே விதை விழும். ஆகவே இது சதைப்பற்றுள்ள பழம் தரும் மரத்தின் கன்று என்று ஊகித்துக்கொண்டேன். அந்த ஊகம் சரியாக இருந்தது. ஆனால் அத்தகைய மரங்கள் பல.

இனி இலைக்கு வருவோம். தெரியாத செடியைக் கண்டால் இலையைப் பறித்து முகர்வதும், சிலர் மென்று பார்ப்பதும் நம் வழக்கம். மென்று பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஊமத்தை, அரளி, எருக்கு ஆகியவை நம் தெருக்களில் எளிதாகக் காணப்படுபவை, மூன்றும் நஞ்சு. எருக்கின் பால் கண்ணில் பட்டாலே பெருந்தீங்கு விளையும். பார்ப்பதும், தொடுவதும், இறுதியாக ஓர் இலையை மட்டும் கசக்கி முகர்ந்து கையைக் கழுவிக்கொள்வதும் போதுமானவை.

பார்க்கையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, நாம் காண்பது தனியிலையா, கூட்டிலையின் ஒரு சிற்றிலையா என்பது. வேம்பையும் கறிவேப்பிலையையும் நினைவுகொள்க. நாம் ‘இலை’ என்று உருவுவது உண்மையில் சிற்றிலை. இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் சிறு மொட்டு இருந்தால் அது முழு இலை. மொட்டு இல்லையேல் சிற்றிலை. எங்கள் செடியில் ஒவ்வொரு காம்பின் கக்கத்திலும் மொட்டு இருந்தது. எனவே தனியிலை. வேம்பு, கறிவேப்பிலை, புங்கம், புளி ஆகியவை இந்த ஒரே படியில் நீங்கின.

அடுத்தது, இலைகள் தண்டில் அமைந்த முறை. ஒரு கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வருவது ஒரு வகை. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக வருவது மற்றொரு வகை. தாவரங்களை அடையாளம் காண்பதில் இதைப்போல் பயன்படும் சான்று வேறில்லை என்றே சொல்வேன். ஏனெனில் இலையின் அளவும் வடிவும் வெயில், நீர், வயது ஆகியவற்றால் மாறும், இந்த அமைப்போ அவ்வளவு எளிதில் மாறாது. மா, பலா, அரசு, எலுமிச்சை, நெட்டிலிங்கம், ஆமணக்கு ஆகியவற்றில் இலைகள் மாறி மாறி வரும். எங்கள் செடியில் அவை எதிரெதிராக வந்தன. அதோடு, ஓர் இணை கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கடுத்த இணை வடக்கு தெற்காகத் திரும்பியிருந்தது.

எதிரிலை கொண்டு, பறவையாலோ மனிதராலோ மைசூருத் தோட்டங்களில் முளைக்கக்கூடியவை என்று ஒரு பட்டியல் எழுதினேன்: கொய்யா, நாவல், மாதுளை, மருதோன்றி, நந்தியாவட்டை, வெட்சி, காப்பி. காப்பியைக் கண்டு வியக்க வேண்டா; குடகு அருகில் இருக்கிறது. காப்பிக்கும் வெட்சிக்கும் பொதுவான குறியொன்று உண்டு. எதிரெதிர்க் காம்புகளுக்கு நடுவே தண்டின் மேல் சிறு முக்கோணச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் செடியில் அது இல்லை. இலையைக் கிள்ளியபோது பால் வரவில்லை, நந்தியாவட்டை நீங்கிற்று. கசக்கி முகர்ந்தபோது பச்சிலை வாசமன்றி வேறு மணம் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது ஒளிபுகும் எண்ணெய்ப் புள்ளிகளும் காணவில்லை. நாவலுக்கும் கொய்யாவுக்கும் இவ்விரண்டும் உண்டு. பால் கொண்டுவருபவரின் கருத்து இவ்வாறு கைவிடப்பட்டது. மருதோன்றியின் இலை இதைவிடச் சிறிது. மாதுளையின் காம்பு மிகக் குறுகியது. இதன் காம்போ மெலிந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது.

பட்டியல் தீர்ந்தது, பெயர் கிடைக்கவில்லை. பட்டியலிலேயே அது இல்லை என்பதுதான் இதன் பொருள். தணிக்கையில் இவ்வாறு நேர்வதுண்டு. இருப்பவற்றையெல்லாம் சரிபார்த்த பின்னும் கணக்கு நேராகாவிட்டால், எழுதப்படாத ஒன்று எங்கோ இருக்கிறது.

எஞ்சிய குறிகள் இவை. இலை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம். முட்டை வடிவில் தொடங்கிக் கூர்நுனியில் முடிவது. விளிம்பில் பல் இல்லை. இரு புறமும் மயிர் இல்லை. மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெண்சாம்பல் பூசியதுபோல் வெளிறியது. இவற்றை வங்கி ஆண்டுதோறும் தரும் நாட்குறிப்பில் தேதியிட்டு எழுதி, ஓர் இணை இலைகளைத் தண்டோடு வெட்டிச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்தினேன். அளவுகோலை அருகில் வைத்து இலையின் இரு புறங்களையும், கணுவையும், பட்டையையும் படம் எடுத்தேன். வாசகர்களும் இவ்வாறே செய்யலாம். முழுச் செடியின் படம் ஒன்றை மட்டும் அனுப்பி ‘இது என்ன’ என்று கேட்டால் அறிஞரும் விடை கூற இயலாது. மைசூருப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் தாவரவியல் துறை உள்ளது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவரகம் போன்ற இடங்கள் உள்ளன. அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரும் பெரும்பாலும் உதவுவார். நூல்கள் வேண்டுவோர்க்கு, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி இன்றும் அடிப்படை.

உலர்ந்த இலையைக் கண்ட, தாவரவியல் பயின்ற நண்பர் ஒருவர், “சந்தனமாக இருக்கலாம், பூ வரட்டும்” என்றார்.

வீட்டில் இச்செய்தியைச் சொன்னபோது எவரும் நம்பவில்லை. சந்தனமாயின் மணக்காதா என்பதே அனைவரின் கேள்வியும். நானும் பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்தேன், ஒன்றுமில்லை. சந்தன நகரமென்று பெயர்பெற்ற ஊரில், சந்தன எண்ணெயும் ஊதுவத்தியும் மணக்கும் சந்தைக்கு அருகில் வாழ்ந்துகொண்டு, சந்தனக் கன்றை நாங்கள் யாரும் கண்டதில்லை. சந்தனத்தின் இலைக்கு மணமில்லை, பூவுக்கு மணமில்லை, இளமரத்தின் வெளிறிய மேற்கட்டைக்கும் மணமில்லை. மணம் முழுவதும் உள்ளே வைரம் பாய்ந்த பகுதியிலும், வேரின் வைரத்திலும் இருக்கிறது. வைரம் பாயத் தொடங்கவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். நல்ல முதிர்ச்சிக்கு அதனினும் பல மடங்கு காலம் வேண்டும். ஆதலால் சந்தனக் கன்றை மூக்கால் அறிய முடியாது. மூக்கால் அறிய முடியும் காலத்தில் அது கன்றாக இராது.

பெயரைப் பற்றிய மற்றொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிக்கொள்ளலாம். செஞ்சந்தனம் என்றும் செம்மரம் என்றும் வழங்கும் மரம் சந்தனத்துக்கு உறவே அன்று. ஆந்திரத்தின் சேஷாசலம் மலைப்பகுதியில் இயல்பாக வளரும் அது புங்கம், வேங்கை ஆகியவற்றின் குடும்பம். அதன் இலை பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. மேற்கூறிய முதற்படியிலேயே இரண்டும் பிரிந்துவிடும்.

பூவுக்காகக் காத்திருந்த காலத்தில் தெரிந்துகொண்ட செய்திகளுள் என்னை மிகவும் கவர்ந்தது, சந்தனம் உணவு பெறும் முறை. பச்சை இலை இருப்பதால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் நீரையும் தாதுச் சத்துகளையும் பிற செடிகளின் வேரிலிருந்து உறிஞ்சும். அதன் வேர்கள் மண்ணுக்கடியில் பரவி, அண்டைச் செடியின் வேரைத் தொட்டவுடன் அங்கே சிறு வில்லை போன்ற உறுப்பொன்றை அமைத்து உள்ளே ஊடுருவும். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் புல்லுருவியும் சந்தனமும் தாவரவியலில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பவை. முன்னது கிளையில் செய்வதைப் பின்னது மண்ணுக்கடியில் செய்கிறது. இவ்வாறு சந்தனம் துணைகொள்ளும் செடிகள் 300-க்கும் மேற்பட்டவை. நாற்றங்கால்களில் சந்தனக் கன்றின் பக்கத்தில் துவரையை விதைப்பதன் காரணம் இதுவே. துணையின்றித் தனித் தொட்டியில் வைத்த சந்தனக் கன்று நாளடைவில் வெளுத்து நலியும். காட்டில் பறவை இதனை வேறு மரத்தின் கீழே போடுகிறது. அதாவது துணைவேர் இருக்கும் இடத்திலேயே போடுகிறது. எங்கள் செடிக்கு மதிலுக்கு அப்பால் உள்ள புங்கமரம் துணையாயிருக்கக் கூடும். வேரைத் தோண்டிப் பார்த்து உறுதிசெய்ய விரும்பவில்லை. பாதுகாப்புக்காக இரண்டு துவரைச் செடிகளை அருகில் விதைத்தேன். அவற்றின் காய்களும் சமையலுக்கு உதவின.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட அச்செடியின் கிளை நுனிகளில் சிறு பூங்கொத்துகள் தோன்றின. ஒவ்வொரு பூவும் மிளகளவே. விரிந்தபோது வெளிறிய வைக்கோல் நிறம், நான்கு மடல்கள். சில நாட்களில் அதே பூ கருஞ்சிவப்பாக மாறிற்று. ஒரே கொத்தில் இளம்பூக்கள் வெளிறியும் முதிர்ந்தவை கருஞ்சிவப்பாகவும் நின்றன. நண்பர் வந்து பார்த்து, இனி ஐயமில்லை என்றார். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் ‘சான்டலம் ஆல்பம்’ என்று பெயரிடப்பட்ட, நம் இலக்கியங்கள் ஆரம் என்றும் சாந்தம் என்றும் அழைத்த மரம் அது. அவ்வாண்டு பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்தன; இரண்டு காய்கள் மட்டும் தங்கி, பச்சையிலிருந்து சிவந்து, பின் கருநீலமாகப் பழுத்தன. சுண்டைக்காய் அளவு, தலையில் சிறு வளையத் தழும்பு. மூன்றாம் நாள் அவற்றைக் காணவில்லை. குயிலோ கொண்டைக்குருவியோ கொண்டுபோயிருக்கும்.

பெயர் தெரிந்த பின் வேறு வகைக் கேள்விகள் எழுந்தன. இதைச் சொல்ல மைசூரின் பழைய கணக்கைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அதாவது யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசின் உடைமை. அவருக்குப் பின் வந்த உடையார் ஆட்சியிலும், விடுதலைக்குப் பின்னும் அடிப்படை நிலை அதுவாகவே தொடர்ந்தது. மைசூரின் சந்தனக்கட்டை நெடுங்காலம் ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் மூண்ட போரால் அவ்வழி அடைபட்டுக் கட்டைகள் தேங்கியபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு, விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், தானே எண்ணெய் வடிக்க முற்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோர் வழிமுறை வகுத்தனர். 1916-இல் பெங்களூரிலும், அடுத்த ஆண்டு மைசூரிலும் ஆலைகள் தொடங்கின. மைசூரு சந்தன சோப்பு அதன் பின் வந்தது. அன்று வெட்டப்பட்டவை அதற்கு முந்தைய தலைமுறைகளில் பறவைகள் போட்ட விதைகள்.

தனியார் நிலத்தில் முளைத்த சந்தனம் அரசுக்குரியது என்ற நிலையைக் கர்நாடகம் 2001-இல் மாற்றியது. 1963-ஆம் ஆண்டு கர்நாடக வனச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, நிலத்தை உடையவரே அதிலுள்ள சந்தன மரத்துக்கும் உரிமையாளர். ஆனால் உரிமை வேறு, வெட்டும் உரிமை வேறு. வெட்டுவதற்கும், கட்டையைக் கொண்டுசெல்வதற்கும், விற்பதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். வனத்துறைக்கோ குறிப்பிட்ட அரசு நிறுவனங்களுக்கோ மட்டுமே விற்கலாம் என்ற முறையும் இத்திருத்தங்களோடு வந்தது. இவ்விதிகள் பிற்காலத்திலும் மாறி வருவதால், எதுவும் செய்யும் முன் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்டறிவதே முறை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அங்கே தனி விதிகள் உண்டு. திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களின் அரசு சந்தனக் கிடங்குகளை அவர்கள் அறிந்திருப்பர்.

இதனை எல்லாம் படித்துவிட்டு, அடுத்த முறை தோட்டத்துக்கு வந்த பெரியவரிடம், அவர் வெட்டவிருந்த காட்டுச்செடி சந்தனம் என்று சற்றுப் பெருமிதத்தோடு சொன்னேன். அவர் வியக்கவில்லை. “தெரியும் சார்” என்றார். அவர் ஹுணசூர் வட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவர் சிறுவனாயிருந்தபோது, வயல் வரப்பில் இந்தக் கன்று தலைகாட்டினால் அவருடைய தந்தை வேறு எவர் கண்ணிலும் படுமுன் பிடுங்கி எறிவாராம். வளர்ந்தால் அது நம்முடையதன்று. ஆனால் திருடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் நாம். கணக்கெடுக்க வரும் அலுவலரிடம் அதன் பெயரைச் சொல்வதே தொல்லை. ஆகவே அவர்கள் அதனைக் காட்டுச்செடி என்றே சொல்லப் பழகினர். என்னிடமும் அவர் அவ்வாறே சொன்னார். வாடகைக்கு வந்த வெளியூர்க்காரர் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டா என்ற எண்ணத்தில்தான் அரிவாளை எடுத்தார். சட்டம் மாறியதை அவருக்கு நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று சொல்ல இயலாது. இரண்டரை ஆண்டுகளாக நான் இலையிலும் பூவிலும் தேடிய விடை மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெயர் தெரியாதவரிடம் நான் பலமுறை கேட்டேன். தெரிந்தவரிடம் ஒரு முறையோடு நிறுத்திவிட்டேன்.

இனி, வாடிக்கையாளர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள்.

தானே முளைத்த மரத்திலிருந்து பின்னாளில் வருமானம் வந்தால் அது வேளாண் வருமானமாகி வரிவிலக்குப் பெறுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1957-இல் ராஜா பினோய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான அளவுகோலை வகுத்தது. நிலத்தை உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படைப் பணிகளை மனிதர் செய்திருந்தால்தான் அது வேளாண்மை. தானாக முளைத்ததைச் சுற்றிக் களை எடுத்ததும் காவல் காத்ததும் மட்டும் வேளாண்மை ஆகா. ஆகவே பறவை விதைத்த சந்தனம் வருமான வரியின் கண்ணில் வேறு இனம். அத்தகைய தொகை கைக்கு வரும் நிலையில் உள்ளோர் பட்டயக் கணக்காளரிடம் முன்கூட்டியே கலந்துகொள்க.

இரண்டாவது, சந்தனத் தோட்ட முதலீடு என்ற பெயரில் வரும் அழைப்புகள். ஒரு மனைக்கு இத்தனை கன்றுகள், இத்தனை ஆண்டில் இத்தனை இலட்சம் என்று அச்சிட்ட தாளுடன் கிளைக்கு வந்து, வைப்புத்தொகையை முறித்துத் தருமாறு கேட்ட வாடிக்கையாளர்களை நான் கண்டிருக்கிறேன். 1990-களில் தேக்கு மரத்தைக் காட்டி இவ்வாறு பணம் திரட்டப்பட்டுப் பலர் முதலை இழந்த பின்னரே, 1999-இல் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளை வகுத்தது. உங்களிடம் பணம் கேட்பவர் செபியில் பதிவு பெற்றுள்ளாரா என்று அதன் இணையதளத்தில் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பதிவு இருப்பினும், வைரம் எப்போது பாயும், எவ்வளவு பாயும் என்பதை எவரும் உறுதியளிக்க முடியாது. ஒரே வயதுடைய இரு மரங்களில் ஒன்றில் வைரம் தடித்தும் மற்றொன்றில் பெயரளவிலும் இருப்பதுண்டு. இதற்கு மேல் நோயும் உண்டு. இலைகள் சிறுத்து ஈட்டி முனைகளைப் போல நிமிர்ந்து நிற்கும் ஸ்பைக் நோய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடகில் கண்டறியப்பட்டது. இன்று வரை அதற்கு உறுதியான மருந்து இல்லை.

மூன்றாவது, திருட்டு. முதிர்ந்த சந்தன மரங்கள் வீட்டு வளாகங்களிலிருந்து இரவில் அறுத்துச் செல்லப்படும் செய்தி மைசூரு நாளிதழ் வாசகர்களுக்குப் புதியதன்று. வைரம் பாயாத இளமரத்தையும் அறிந்தோ அறியாமலோ அறுத்துப் பார்ப்பார்கள். செடியின் படத்தை இடக்குறிப்போடு சமூக ஊடகங்களில் பகிர வேண்டா. எங்கள் தெருவின் பெயரை நான் இங்கே எழுதாமைக்கும் காரணம் இதுவே.

சந்தனம் வேண்டாவெனில் அதை அகற்றிவிடலாமா? கன்றுப் பருவத்தில் அது உரிமையாளரின் முடிவு. மரமாகிவிட்ட பின், நகரப் பகுதியில் 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அனுமதி பெற வேண்டியிருக்கும். எங்கள் வீட்டு உரிமையாளரான அம்மையாரிடம் இவை அனைத்தையும் எடுத்துரைத்து, முடிவை அவரிடமே விட்டேன். இரண்டு நாள் யோசித்து, இருக்கட்டும் என்றார்; அவருடைய பேத்திக்கு இப்போது நான்கு வயது.

எனக்கு அடுத்த பணிமாற்ற ஆணை வந்துவிட்டது. கிளையில் சாவிகளையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும் பட்டியலை ஆயத்தம் செய்த அன்றிரவு, தோட்டத்துக்கும் ஒரு தாள் எழுதினேன். செடியின் பெயர் தமிழிலும் கன்னடத்திலும். மதிலிலிருந்து அதன் தூரம். முதலில் பூத்த தேதி. துவரை பட்டுப்போனால் புதிதாக விதைக்க வேண்டும் என்ற குறிப்பு. அண்டை வீட்டார் புங்கமரத்தை அடியோடு வெட்ட நினைத்தால் அவர்களிடம் பேசிப் பார்க்குமாறு ஒரு வேண்டுகோள். உலர்த்திய இலைகளையும் அதனோடு இணைத்தேன். தாளை அம்மையாரிடம் கொடுத்தேன். மறுபடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தபோது, பெரியவர் துளசி மாடத்தின் அருகே குனிந்து, விரல் நீளமுள்ள கன்று ஒன்றைச் சுற்றிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். இலைகள் எதிரெதிராக இருந்தன; அடிப்புறம் வெளிறியிருந்தது. “இது என்ன?” என்று கேட்டேன்.

“ஸ்ரீகந்தம், சார்” என்றார்.